பிரவுசரை மூடிவிட்டு ஒரு பாக்கெட் கட்டுங்கள்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் சில நாட்கள் பிரவுசர் கிடையாது. ரிக்வெஸ்ட் அனுப்பும் கருவிகளான போஸ்ட்மேன் கிடையாது, கர்ல்கூடக் கிடையாது. இரண்டு பழைய லேப்டாப், நடுவில் ஒரு நெட்வொர்க் கேபிள், பைத்தான், அதில் ஓடும் ஸ்கேப்பி என்ற இலவச மென்பொருள். அவ்வளவுதான். இந்த லேப்டாப்பில் உட்கார்ந்துகொண்டு அந்த லேப்டாப்பில் இருக்கும் ஒரு வலைப்பக்கத்தை வாங்கிக்கொண்டு வர வேண்டும். போகிற ஒவ்வொரு பாக்கெட்டையும் கையாலேயே கட்ட வேண்டும்.

கோவையில் எங்களுடையது சின்ன நிறுவனம். மற்றவர்கள் கட்டிய வலைத்தளங்களிலும் செயலிகளிலும் ஓட்டை இருக்கிறதா என்று, அவர்களே கேட்டுக்கொண்டால், பார்த்துச் சொல்வது தொழில். வருகிற பிள்ளைகளுக்கு ரியாக்ட் தெரியும், நோட் தெரியும், கல்லூரியில் ஃபைனல் இயர் ப்ராஜெக்டாக ஏதோ ஒரு ஷாப்பிங் தளம் செய்திருப்பார்கள். 'இந்தக் காலத்தில் எதற்கு சார் இது' என்ற கேள்வி முகத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும். கேட்க வேண்டிய கேள்விதான்.

பொதுமக்களிடமிருந்து ரிக்வெஸ்ட் வாங்கும் நிரலை எழுதப்போகிற எவரும் ஒருமுறையாவது அந்த ரிக்வெஸ்டை பைட் பைட்டாகக் கட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. நெட்வொர்க் நிபுணர் ஆவதற்காக இல்லை. சர்வரின் வாசலில் வந்து நிற்கும் ஒரு ரிக்வெஸ்டில் எது அனுப்பியவரின் வாய்ச்சொல், எது அவர் நிரூபித்துக் காட்டியது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். நம் ஊரில் கட்டப்படும் செயலிகளில் நான் பார்க்கும் ஓட்டைகளில் பெரும்பங்கு இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் வந்தவை.

ஒரு பக்கத்தைக் கேட்பதற்கு வேண்டியது மிகக் கொஞ்சம். முதல் வரியில் 'கெட்', ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, மறுபடி இடைவெளி, எச்டிடிபி/1.1. இரண்டாம் வரியில் 'ஹோஸ்ட்' என்ற ஹெடர், அதில் சர்வரின் முகவரி. எங்கள் மேசையில் அது 192.168.1.20. பிறகு ஒரு வெற்று வரி. ஒவ்வொரு வரி முடிவிலும் 13, 10 என்று இரண்டு பைட். எண்ணிப் பார்த்தால் மொத்தமே 38 பைட். இதன் முன்னால் டிசிபி ஹெடர் 20 பைட், அதற்கும் முன்னால் ஐபி ஹெடர் 20 பைட். ஆக 78.

அந்த வெற்று வரியைப் போடாமல் அனுப்பினால் சர்வர் திட்டாது, மறுக்காது, மீதி வரும் என்று காத்துக்கொண்டே இருக்கும். இந்தப் பொறுமையை வைத்தே 2009-இல் ராபர்ட் ஹேன்சன் ஸ்லோலோரிஸ் என்ற தாக்குதல் நிரலை வெளியிட்டார். முடிக்காத ரிக்வெஸ்டுகளை நூற்றுக்கணக்கில் திறந்துவைத்து, அவ்வப்போது ஒரு வரி மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தால் போதும். ஒற்றைக் கணினியை வைத்துக்கொண்டே அன்றைய அப்பாச்சி சர்வரை மற்றவர்களுக்குக் கிடைக்காமல் செய்துவிடலாம்.

ஐபி ஹெடரின் முதல் பைட் 69. நான்காம் பதிப்பு என்பதற்கு 4, ஹெடரின் நீளம் நான்கு நான்கு பைட்டாக ஐந்து என்பதற்கு 5, இரண்டும் ஒரே பைட்டில்: 4×16+5. வேடிக்கை என்னவென்றால், கீழே 'கெட்' என்பதன் நடு எழுத்தான இ-யும் கணினிக்கு அதே 69தான். எண்ணுக்குச் சொந்த அர்த்தம் கிடையாது. அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் அர்த்தம். இதைக் கண்ணால் பார்த்த பிள்ளைகளுக்கு அதன்பின் 'இன்புட் வேலிடேஷன்' பற்றித் தனியாக வகுப்பு எடுக்க வேண்டியிருப்பதில்லை.

அடுத்து 13-ஆம் பைட்டிலிருந்து 16 வரை. அனுப்புநர் முகவரி. இங்கே வந்ததும் அநேகமாக எல்லோரும் நிறுத்திக் கேட்பார்கள்: "இதுல என்ன சார் போடணும்?"

"என்ன வேணும்னாலும் போடலாம்."

நம்ப மாட்டார்கள். போட்டுப் பார்த்தால் பாக்கெட் போய்விடும். அனுப்புநர் முகவரி என்பது நாம் எழுதும் நான்கு எண்கள், அவ்வளவே. பொய்யான முகவரியோடு வெளியேறும் பாக்கெட்டுகளை இணைய சேவை நிறுவனங்கள் தங்கள் வாசலிலேயே தடுக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டிலேயே ஆர்எஃப்சி 2827 என்ற இணைய விதி ஆவணம் பரிந்துரைத்துவிட்டது. எல்லோரும் கேட்டார்களா என்றால், இல்லை. 'செக்சம் இருக்கிறதே, அது பிடித்துவிடாதா' என்று அடுத்த கேள்வி வரும். செக்சம் வழியில் பைட் சிதைந்ததா என்று பார்ப்பதற்கு. பொய் முகவரி எழுதுகிறவன் அந்தப் பொய்க்குப் பொருத்தமான செக்சத்தையும் கூட்டிப் போட்டுவிடுவான். ஸ்கேப்பியில் அதுவும் தானாகவே நடக்கும்.

அப்படியானால் எதைத்தான் நம்புவது? இதற்குப் பதில் டிசிபியின் முதல் மூன்று பாக்கெட்டுகளில் இருக்கிறது. நாம் ஒரு தொடக்க எண்ணோடு, உதாரணத்துக்கு 1000, சின் பாக்கெட் அனுப்புகிறோம். சர்வர் 1001 என்று ஒப்புக்கொண்டு, தன் பங்குக்கு ஒரு தொடக்க எண்ணைச் சொல்கிறது. அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டி நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் இணைப்பு. பிறகு நம் 38 பைட் போனதும் 1039 என்று ரசீது வரும். சர்வரின் எண் நாம் எழுதிக் கொடுத்த அனுப்புநர் முகவரிக்குத்தான் போகும். பொய் முகவரி கொடுத்தவன் கையில் அது கிடைக்காது. 32 பிட் எண், ஏறக்குறைய 429 கோடி வாய்ப்புகள். குத்துமதிப்பாகச் சொல்லிப் பிடிப்பது நடக்கிற காரியம் இல்லை. அந்த முகவரிக்கு அனுப்பப்படுவதை என்னால் வாங்க முடியும் என்பதை ரிக்வெஸ்ட் அனுப்பியவர் இங்கேதான் நிரூபிக்கிறார். அதற்குமேல் எதையும் அவர் நிரூபிக்கவில்லை.

எங்கள் மேசையில் இந்த மூன்று பாக்கெட் முதல் தடவை கைகூடுவதே இல்லை. தர்மபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, சேர்ந்த புதிதில், எல்லா எண்ணையும் சரியாகத்தான் போட்டிருந்தாள். சின் போனது, சர்வரின் பதில் வந்தது, அடுத்த நொடியில், பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளின் திரையில் ஒரு சிவப்பு வரி. ரீசெட். இணைப்பு அறுந்துவிட்டது. மறுபடி அனுப்பினாள், மறுபடி சிவப்பு.

"சர்வர்தான் சார் கட் பண்ணுது. எதோ ஃபயர்வால் இருக்குதுங்க."

"ரீசெட் அனுப்பினது யாருன்னு பாரும்மா."

முகவரியைப் பார்த்தாள். அவள் உட்கார்ந்திருந்த லேப்டாப்பின் முகவரி. அவள் அனுப்பாத பாக்கெட்.

நடந்தது இதுதான். ஸ்கேப்பி இயங்குதளத்தைக் கேட்காமல் பாக்கெட்டை நேராகக் கேபிளில் தள்ளிவிடுகிறது. பதில் வந்து சேரும்போது லினக்ஸ் கெர்னல் தன் பதிவேட்டைப் புரட்டுகிறது. இப்படி ஓர் இணைப்பை நான் தொடங்கவே இல்லையே என்று பார்த்து, 'எனக்குச் சம்பந்தமில்லை' என்று ரீசெட் அனுப்பிவிடுகிறது. வெளியே போகும் ரீசெட்டுகளை அந்த லேப்டாப்பிலேயே ஐபிடேபிள்ஸ் என்ற ஃபயர்வாலில் விதி ஒன்று போட்டு அடைத்தால்தான் நம் கைவேலை மேலே போகும். பயிற்சிக்கு இது இடைஞ்சல். உலகத்துக்கு இது பாதுகாப்பு. யாரோ உங்கள் முகவரியைத் திருடி எங்கோ சின் அனுப்பினால், பதில் உங்கள் கணினிக்கு வரும். உங்கள் கெர்னல் ரீசெட் அடித்து அந்தப் பொய்யைக் கலைத்துவிடும்.

சிவப்பு வரியை முகத்துக்கு நேரே பார்த்தவர்களுக்கு 1994 கிறிஸ்துமஸ் அன்று நடந்ததைச் சொன்னால் உடனே புரியும். அமெரிக்காவின் சான் டியேகோவில் ட்சுட்டோமு ஷிமோமுரா என்ற ஆய்வாளரின் கணினிகளுக்குள் அன்று ஒருவர் புகுந்தார். 1995 பிப்ரவரியில் கைதான கெவின் மிட்னிக்கின் பெயரோடு சேர்த்தே இன்றுவரை பேசப்படும் தாக்குதல் அது. ஷிமோமுராவின் ஒரு கணினி இன்னொரு கணினியை முகவரியை மட்டும் பார்த்து நம்பியது. அந்த முகவரியிலிருந்து வந்தால் கடவுச்சொல் கேட்காது. தாக்கியவர் முதலில் நம்பப்படுகிற கணினிக்கு சின் பாக்கெட்டுகளாக அனுப்பித் திணறடித்தார். எதற்கு? அது ரீசெட் அனுப்பக் கூடாது என்பதற்காக. பிறகு அதன் முகவரியைப் போட்டு சின் அனுப்பினார். சர்வரின் பதில் அவருக்கு வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லை. அந்தக் காலத்து இயங்குதளம் தொடக்க எண்ணை ஒரே கணக்காகக் கூட்டிக்கொண்டே போனது. முன்பே சில இணைப்புகள் செய்து பார்த்து அடுத்த எண்ணைக் கணித்துவிட்டார்.

இது நடக்கலாம் என்று பெல் ஆய்வகத்திலிருந்து ராபர்ட் மோரிஸ் 1985-லேயே எழுதியிருந்தார். (1988-இல் இணையத்தையே முடக்கிய புழுவை எழுதியவர் இதே மோரிஸ்தான், பின்னாளில் எம்ஐடி பேராசிரியர்.) எழுதி ஒன்பது ஆண்டுகள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாக்குதலுக்குப் பிறகுதான், 1996 மே மாதம், தொடக்க எண்ணைக் கணிக்க முடியாதபடி ஆக்கும் முறையை ஸ்டீவன் பெல்லோவின் ஆர்எஃப்சி 1948-ஆக எழுதினார். அதே ஆண்டு செப்டம்பரில் நியூயார்க்கின் பேனிக்ஸ் என்ற இணைய சேவை நிறுவனம் பொய் முகவரி சின் பாக்கெட்டுகளால் முடங்கியது. பொய் முகவரிக்காரன் மூன்றாவது பாக்கெட்டை அனுப்பப்போவதில்லை. ஆனால் சர்வர் ஒவ்வொன்றுக்கும் நினைவகத்தில் இடம் ஒதுக்கிக் காத்திருந்தது. அதற்கு டேனியல் பெர்ன்ஸ்டீன் சொன்ன தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. இடமே ஒதுக்காதே, ஞாபகம் வைக்க வேண்டியதையெல்லாம் நீ அனுப்பும் தொடக்க எண்ணுக்குள்ளேயே மறைத்து அனுப்பு, திரும்பி வந்தால் நம்பு. சின் குக்கி என்று பெயர்.

பழங்கதையாக இதைச் சொல்லவில்லை. ஷிமோமுராவின் கணினி செய்ததை நம் ஊர் செயலிகள் இன்றும் ஒரு மாடி மேலே போய்ச் செய்கின்றன.

பெயர் வேண்டாம், ஒரு நிறுவனம். அவர்களுடைய நிர்வாகப் பக்கம் அலுவலகத்துக்குள் இருந்து வந்தால் மட்டும் திறக்கும், வெளியிலிருந்து திறக்காது என்றார்கள். சரிதான், வெளியிலிருந்து போனால் கதவு மூடியிருந்தது. ஆனால் அலுவலக முகவரிதானா என்பதை அந்த நிரல் டிசிபி இணைப்பிலிருந்து எடுக்கவில்லை. எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்ற ஹெடரிலிருந்து எடுத்தது. நடுவில் இருக்கும் ப்ராக்சி சர்வர், வந்தவரின் உண்மையான முகவரியைப் பின்னால் இருக்கும் நிரலுக்குத் தெரிவிப்பதற்காக எழுதும் வரி அது. வந்தவரும் அதை எழுதலாம். தடுக்க யாரும் இல்லை என்றால் அவர் எழுதியதும் சேர்ந்தே உள்ளே போகும். எங்கள் பையன் அந்த ஒரு வரியைக் கையால் சேர்த்தான். நிர்வாகப் பக்கம் திறந்தது, ஊழியர்களின் சம்பளப் பட்டியல் உட்பட.

இதைச் சொன்னபோது அந்த நிரலை எழுதியவர் சொன்ன பதிலை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன்: "எங்க ஆப் அந்த ஹெடரை அனுப்பாதுங்களே."

உண்மை. அவர்கள் ஆப் அனுப்பாது. ஆனால் சர்வருக்கு ஆப் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதற்குத் தெரிவது வந்து விழும் பைட்டுகள் மட்டும். திரையில் விலைப் பெட்டியைத் திருத்த முடியாமல் பூட்டிவிட்டோம், அதனால் வந்த விலை சரியான விலைதான் என்று நம்பும் பில்லிங் பக்கங்கள் இந்த ரகம். ஹோஸ்ட் ஹெடரில் என்ன வந்ததோ அதையே எடுத்து, 'கடவுச்சொல் மறந்துவிட்டதா' மின்னஞ்சலின் இணைப்பாகக் கோத்து அனுப்பும் தளங்களும் இதே ரகம். ஒரே முகவரியில் பல தளங்கள் இருந்தால் எது வேண்டும் என்று சொல்வதற்காக எச்டிடிபி 1.1 கட்டாயமாக்கிய வரி அது. 'எனக்கு இன்ன தளம் வேண்டும்' என்ற கேள்வியே தவிர, சர்வரின் பெயருக்கான அத்தாட்சி இல்லை. தாக்குகிறவர் அங்கே தன் தளத்தின் பெயரை எழுதி, உங்கள் மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல் ரீசெட் கேட்டால், உங்களுக்கு வரும் உண்மையான மின்னஞ்சலில் இருக்கும் இணைப்பு அவர் வீட்டுக்குப் போகும்.

ஹெடரை மாற்றிப் பார்க்க கர்ல் போதுமே, பாக்கெட் வரை எதற்கு இறங்க வேண்டும் என்று என் நண்பர்களே கேட்கிறார்கள். நியாயம்தான், கர்ல் அருமையான கருவி, தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் ஹெடர் எல்லாம் பொய்யாக இருக்கலாம் என்று மட்டும் தெரிந்துகொண்டவர்கள் அடுத்த கோடிக்குப் போய்விடுகிறார்கள். லாகில் இருக்கும் ஐபி முகவரியும் பொய்தானே, அதை வைத்து என்ன செய்வது என்று கையை விரிக்கிறார்கள். அப்படி இல்லை. மூன்று பாக்கெட் முடிந்து இணைப்பான முகவரி, அந்த முகவரியில் யாரோ பதில் வாங்கினார் என்பதற்குச் சான்று. அதே சமயம் அது ஓர் ஆளுக்குச் சான்று இல்லை. மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது முகவரியை ஏராளமான போன்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. 'இந்த ஐபிதான், இவர்தான் செய்தார்' என்று அடித்துப் பேசுகிறவர்களிடமும், தவறாக நுழைய முயன்ற ஒரு முகவரியை மொத்தமாகத் தடைசெய்து பல வாடிக்கையாளர்களை வெளியே நிறுத்துகிறவர்களிடமும் இதை விளக்க நான் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

பாக்கெட் மட்டத்துக்கு வந்தால் மட்டும் தெரியும் இன்னொன்றும் உண்டு. ஒரு பாக்கெட்டில் ஜி மட்டும், அடுத்ததில் இ, அதற்கடுத்ததில் டி என்று ரிக்வெஸ்டை எழுத்தெழுத்தாகவும் அனுப்பலாம். சர்வர் கோத்துப் படித்துக்கொள்ளும். பாக்கெட் பாக்கெட்டாகப் பார்க்கிற காவல் கருவிக்கு ஒன்றும் தெரியாது. டாமஸ் டாசெக், டிமதி நியூஷாம் இருவரும் 1998-இல் இதை விரிவாக எழுதியபோது அன்றைய ஊடுருவல் கண்காணிப்புக் கருவிகளின் மானம் போயிற்று. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த பயிற்சி இது.

இப்போது எல்லாம் எச்டிடிபிஎஸ், கையால் எப்படிக் கட்டுவது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. 2015-இல் வந்த எச்டிடிபி 2 மனிதர் படிக்கிற எழுத்தாகவே போவதில்லை. 2022-இல் தரநிலையான எச்டிடிபி 3 டிசிபியையே விட்டுவிட்டு யுடிபி மேல் ஓடும் குவிக்குக்கு மாறிவிட்டது, அதுவும் முழுக்க மறையாக்கத்தோடு. அதைப் பேனா பிடித்துக் கட்ட முடியாது என்பது சரி. ஆனால் மறையாக்கம் நடுவில் எட்டிப் பார்ப்பவரைத்தான் தடுக்கிறது. அனுப்புகிறவரை உண்மை பேச வைப்பதில்லை. அரக்கு முத்திரை வைத்த உறைக்குள்ளும் பொய்க் கடிதம் இருக்கலாம். போதாததற்கு, பல இடங்களில் முன்னால் நிற்கும் சர்வர் உறையைப் பிரித்துவிட்டு, பின்னால் இருக்கும் நிரலுக்குப் பழைய எச்டிடிபி 1.1-ஆகத்தான் கொடுக்கிறது.

குவிக்கை எழுதியவர்கள் பழைய பாடத்தை மறக்கவும் இல்லை. யுடிபியில் மூன்று பாக்கெட் நிரூபணம் கிடையாது. அதனால்தான் 2018 பிப்ரவரியில், பொய் முகவரியோடு போன சின்னச் சின்ன கேள்விகளுக்கு மெம்கேஷ்ட் என்ற நினைவகத் தேக்க சர்வர்கள் அனுப்பிய பெரிய பெரிய பதில்கள் கிட்ஹப் தளத்தின்மேல் விநாடிக்கு 1.35 டெராபிட் அளவுக்குக் கொட்டின. குவிக்குக்காக 2021-இல் வெளியான ஆர்எஃப்சி 9000-ஐத் திறந்து பாருங்கள். இணைப்பைத் தொடங்குகிறவரின் முதல் பாக்கெட் குறைந்தது 1200 பைட் இருக்க வேண்டும். முகவரியை நிரூபிக்கும் வரை, சர்வர் தனக்கு வந்ததைப் போல மூன்று மடங்குக்கு மேல் திருப்பி அனுப்பக் கூடாது. 1994 தாக்குதலைக் கையால் செய்து பார்த்தவருக்கு இந்த விதிகளை யாரும் விளக்க வேண்டாம்.

ஒன்றை அழுத்திச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் உங்கள் சொந்த இரண்டு கணினிகளுக்கு நடுவில், அல்லது எழுத்தில் அனுமதி வாங்கிய இடத்தில் மட்டும். உரிமையாளர் அனுமதியின்றி அடுத்தவர் கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவில் வருகிறது. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவு, மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். 'சும்மா டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன்' என்பது எதிர்வாதம் ஆகாது.

கல்லூரி நெட்வொர்க் லேபில் டிசிபி சாக்கெட் வழியாக வலைப்பக்கம் இறக்கும் பயிற்சி எப்போதோ சேர்ந்துவிட்டது. நடைமுறையில் அது சீனியரின் ரெக்கார்ட் நோட்டிலிருந்து ஜூனியரின் ரெக்கார்ட் நோட்டுக்கு இறங்குகிற நிரல். ஸ்கேப்பிக்கும் வயர்ஷார்க்குக்கும் காசு வேண்டாம். லேபில் தூசி படிந்து கிடக்கும் எந்தக் கணினியும் போதும், இணைய இணைப்புகூடத் தேவையில்லை. இரண்டு மதியம் ஒதுக்கினால் சிவப்பு வரியையும் தாண்டி 1039-ஐப் பார்த்துவிடலாம். பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள் புதுத் தாள் ஒன்றும் சேர்க்க வேண்டாம். வைவாவில் டிசிபிக்கும் யுடிபிக்கும் வித்தியாசம் சொல் என்று கேட்டு மனப்பாடத்தை வாங்கிக்கொள்வதை மட்டும் நிறுத்தட்டும். 78 பைட்டை அச்சிட்டுக் கையில் கொடுத்து, இதில் எதையெல்லாம் அனுப்பியவர் இஷ்டத்துக்கு எழுதியிருக்கலாம், எதைப் பொய்யாக எழுதினால் அவருக்குப் பதில் போகாது என்று கேட்கட்டும். பத்து மதிப்பெண் கொடுத்தால் போதும்.